இருட்டில் தனியாகச் சவாரி போகலாமா? ஒரு வாசகிக்குப் பதில்

வாசகி ஒருவர் எழுதிய கடிதம், சுருக்கமாக:

"எனக்கு 41 வயது. ஆறு வருடமாகச் சவாரி போகிறேன். என் குதிரை ஒன்பது வயதுப் பெண் குதிரை, பகலில் ரொம்ப நிதானமானவள். லாயத்தை ஒட்டியே காட்டுப் பாதைகள் இருக்கின்றன. வேலை முடிந்து லாயத்துக்கு வரும்போதே பொழுது சாய்ந்துவிடுகிறது, குளிர்காலத்தில் முழு இருட்டு. முன்பு கூடவே வந்த தோழி வேறு ஊருக்குப் போய்விட்டார், இரண்டு மாதமாகத் தனியாகத்தான் போகிறேன். நல்ல வெளிச்சம் தரும் ஹெட்லாம்ப் ஒன்றை வாங்கி ஹெல்மெட்டில் மாட்டினேன். அதற்கப்புறம் அவள் அடிக்கடி நின்று எதிரே உற்றுப் பார்க்கிறாள். போன வாரம் திடீரென்று பக்கவாட்டில் துள்ளியதில் ஒரு கிளை என் கன்னத்தைக் கிழித்துவிட்டது. இதைவிடச் சக்தியான விளக்கு வாங்க வேண்டுமா? கணவர் இதையெல்லாம் விட்டுவிடு என்கிறார். விட்டுவிடத்தான் வேண்டுமா?"

விளக்கைப் பற்றிச் சொல்கிறேன், அதில் நிறையவே சொல்ல இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தும் ஒரு விஷயம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகிறீர்களா? கணவருக்கு நீங்கள் சவாரி போயிருப்பது தெரியும், சரி. ஒன்பது மணி ஆகியும் நீங்கள் வராவிட்டால் அவர் என்ன செய்வார், எங்கே வந்து தேடுவார்? இதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டேன். நான் சவாரி கற்றுக்கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவன், அந்தப் பாதையை நூறு தடவையாவது போய் வந்திருப்பேன். ஒரு மாலை, வெளிச்சம் போய் அரை மணி நேரம் இருக்கும், புதரிலிருந்து ஏதோ பறந்தது, குதிரை பக்கவாட்டில் எகிறியது, நான் ஒரு வேர் மேல் போய் விழுந்தேன். காறை எலும்பு முறிந்துவிட்டது. போன் சேணப் பையில் இருந்தது. குதிரை அதையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் இருந்தவர்கள் "வழக்கம்போல லேட்டாக வருவார்" என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். லாயத்தில் இருந்த பையன் ஆளில்லாமல் வந்து நிற்கும் குதிரையைப் பார்த்த பிறகுதான் தேடவே ஆரம்பித்தார்கள், அவர்களுக்கும் நான் எந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் குளிரில் கிடந்தேன். அந்த எலும்பு ஆறியது. அங்கே கிடந்தபோது, தலையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தது இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வதும், என் மாணவர்களைச் செய்யச் சொல்வதும் இதுதான். கிளம்பும் முன் ஒருவருக்குச் செய்தி அனுப்புவேன். எந்தப் பாதை, எந்தத் திசையில் சுற்றி வருகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி வரை என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் அவர் கிளம்ப வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "எட்டு மணிக்கு வந்துவிடுவேன்" என்று மட்டும் சொன்னால் காத்திருப்பவர் எட்டே கால் வரை பொறுப்பார், எட்டரைக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார், பயப்படுகிறோமோ என்று சங்கடப்பட்டு ஒன்பது மணி வரை தள்ளிப்போடுவார். "எட்டு மணிக்கு வருவேன், எட்டரைக்குள் செய்தி வராவிட்டால் லாயத்தில் இன்னாரைக் கூப்பிடுங்கள், ஒன்பதுக்கு அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று நீங்களே முடிவுசெய்து கொடுத்துவிட்டால் அவருக்கு அந்தத் தயக்கம் இருக்காது. அப்புறம், சொன்ன பாதையை மாற்றாதீர்கள். நிலா நன்றாக இருக்கிறது, இந்தப் பக்கமும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். தோன்றினால் முதலில் நின்று ஒரு செய்தி அனுப்புங்கள், சிக்னல் இல்லையென்றால் சொன்ன வழியிலேயே போங்கள்.

நேரக் கணக்கையும் நிதானமாகப் போடுங்கள். சாதாரண நடையில் குதிரை மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் போகும். இருட்டில் நடைதான், டிராட் என்கிற மெதுவோட்டம் எல்லாம் பகலில் நடந்து பார்த்து நன்றாகத் தெரிந்த, அகலமான, மேலே கிளை இல்லாத இடங்களில் மட்டும். ஆகவே 9 கிலோமீட்டர் சுற்று என்றால் ஒன்றரை மணி நேரம், அதோடு அரை மணி சேர்த்துச் சொல்லுங்கள்.

போன் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். சேணப் பையில் கூடாது, பின்பக்கப் பாக்கெட்டிலும் கூடாது, விழுந்தால் முதலில் நொறுங்குவது அதுதான். ஜாக்கெட்டின் உள்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட் நல்லது, ஒரு கையால், எந்தக் கையாக இருந்தாலும் எடுக்க முடிகிறதா என்று வீட்டில் படுத்துக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், உடம்புச் சூட்டில் இருந்தால் தாக்குப்பிடிக்கும். பாதையின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் இணையம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அழைப்பு போகாத இடத்திலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும், அதனால் அழைப்பு போகவில்லை என்றதும் விட்டுவிட வேண்டாம். உங்கள் பாதையில் சிக்னலே இல்லாத நீளமான பகுதி இருந்தால் செயற்கைக்கோள் கருவி ஒன்றுக்குச் செலவு செய்யலாம் என்றுதான் சொல்வேன். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிஎல்பி என்கிற அபாய ஒலிபரப்பி, 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக மீட்புப் படைக்குச் செய்தி அனுப்பும். மாதக் கட்டணம் கிடையாது, ஆனால் உங்கள் பெயரில் பதிவு செய்து வைக்க வேண்டும், அதில் செய்தி எழுதவோ பதில் வாங்கவோ முடியாது. மற்றது செய்தி அனுப்பவும் வாங்கவும் முடிகிற கருவி, அதற்குச் சந்தா உண்டு. "கொஞ்சம் லேட்டாகும், பயப்பட வேண்டாம்" என்று சொல்ல முடிவது தனியாகப் போகிறவருக்கு எவ்வளவு பெரிய வசதி என்பது பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும், அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். விழுந்ததைத் தானே கண்டுபிடித்துக் கூப்பிடும் கைக்கடிகாரங்கள் கூடுதல் உதவிதான், ஆனால் அவற்றில் பல, போனோ நெட்வொர்க்கோ இல்லாத இடத்தில் யாரையும் கூப்பிட முடியாது.

ஒரு விசில் கழுத்திலோ பாக்கெட்டிலோ இருக்கட்டும். மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை. இது பரவலாகத் தெரிந்த ஆபத்து அறிவிப்பு, கத்துவதைவிட வெகுதூரம் கேட்கும், தொண்டையும் போகாது. அதேபோல் சேணத்திலும் குதிரையின் முகக்கயிற்றிலும் ஒரு தொலைபேசி எண் எழுதிய தகடு. உங்கள் எண்ணைப் போடாதீர்கள், விழுந்து கிடப்பவர் நீங்கள்தானே. வீட்டில் இருப்பவர் எண்ணைப் போடுங்கள்.

இப்போது விளக்கு.

உங்கள் குதிரை நின்று உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் வெளிச்சம் போதாதது அல்ல, பெரும்பாலும் அந்த வெளிச்சமேதான். நிலத்தில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய கண்களில் ஒன்று குதிரையின் கண். விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் என்று ஒரு பிரதிபலிக்கும் அடுக்கு இருக்கிறது, உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பி இரண்டாம் தடவை பயன்பட வைக்கும். டார்ச் அடித்தால் கண் பளபளப்பது அதனால்தான். நமக்குக் கும்மிருட்டாகத் தெரிகிற ராத்திரியில் நட்சத்திர வெளிச்சமே அதற்கு நடக்கப் போதும். ஆனால் பிரகாசத்திலிருந்து இருட்டுக்கு மாறிப் பழக அதற்கு நம்மைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். நம் கண்ணுக்கே 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

இப்போது உங்கள் ஹெட்லாம்பை நினைத்துப் பாருங்கள். விளக்கு அவள் தலைக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அதனால் அவளுடைய தலையின் நிழலும் காதுகளின் நிழலும் சரியாக அவள் கால் வைக்கப் போகிற இடத்தில் விழுகின்றன. நீங்கள் தலையைத் திருப்பும்போதெல்லாம் பாதையில் உள்ள ஒவ்வொரு கல்லின் நிழலும், ஒவ்வொரு மரத்தின் நிழலும் சேர்ந்து நகர்கின்றன. வெளிச்ச வட்டத்துக்கு வெளியே அவளுக்கு ஒன்றுமே தெரிவதில்லை, ஏனென்றால் அவள் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட்டது. ஓடித் தப்பிப்பதையே பாதுகாப்பாகக் கொண்ட ஒரு பிராணிக்கு இது எப்படி இருக்கும்? அவள் நிற்பதை நான் பிடிவாதமாகவோ பயந்த சுபாவமாகவோ எடுத்துக்கொள்ள மாட்டேன். தெரியாத இடத்தில் கால் வைக்காமல் நிற்கிற குதிரைதான் உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

ஆகவே சக்தியான விளக்கு வேண்டாம். லாயத்தில் இருக்கும்போதே சேணம் கட்டி முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு, அல்லது அவளை வெளியே இருட்டுப் பக்கமாகக் கொண்டுவந்து, அரை மணி நேரம் முற்றத்திலேயே மெதுவாக நடத்துங்கள். வயிற்றுப்பட்டையை மறுபடி இறுக்க, குளம்பு பார்க்க, செய்தி அனுப்ப என்று எப்படியும் நேரம் போகும். போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் திரையைப் பார்த்தால் இருபது நிமிடப் பழக்கம் போய்விடும். அப்புறம் விளக்கே இல்லாமல் கிளம்பிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் உங்களுக்குத்தான் பயமாக இருக்கும், அவளுக்கு இல்லை. கடிவாள வாரை அவள் கழுத்தை நீட்டித் தரையை முகர்ந்து பார்க்கிற அளவுக்கு நீளமாக விடுங்கள், ஆனால் கையை விட்டு நழுவவிடாதீர்கள்.

நீண்ட தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளில் கலந்துகொள்கிறவர்கள் இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கப் சவாரியில் சியரா நெவாடா மலைப் பாதைகளில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், கடைசிப் பகுதியைப் பலரும் நடு ராத்திரியில்தான் கடக்கிறார்கள். அந்தச் சவாரியைப் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே வைப்பார்கள். இந்த மாதிரிச் சவாரிகளில் பலர் குதிரையின் மார்புப் பட்டையில் இரண்டு பக்கமும் ஒளிக்குச்சி கட்டுவார்கள், உடைத்தால் மங்கலாக ஒளிர்கிறதே அது. வெளிச்சம் தாழ்வாக இருக்கிறது, குதிரையோடு சேர்ந்தே நகர்கிறது, முன்னால் தலை நிழல் விழுவதில்லை. குளிர் அதிகமானால் அந்தக் குச்சிகள் இன்னும் மங்கிப் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு விளக்கு வேண்டும் என்று தோன்றினால் இந்த வழிதான் என் சிபாரிசு. அதையும் முதலில் பகலில், லாயத்தில் பயிற்சிக்கு இருக்கிற சவாரி வட்டத்துக்குள் கட்டிப் பழக்குங்கள், மார்பில் ஆடுகிற புதுப் பொருளுக்கே சில குதிரைகள் மிரளும்.

ஹெட்லாம்பைத் தூக்கிப் போட வேண்டாம். அது பாக்கெட்டில் இருக்கட்டும், இறங்கி நின்று லாடத்தையோ காயத்தையோ பார்க்க அது வேண்டும். சிவப்பு வெளிச்சம் இருக்கிற மாதிரியானால் வரைபடம் பார்க்கச் சிவப்பைப் போடுங்கள், நம் இருட்டுப் பார்வையை அது அதிகம் கெடுக்காது. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தில் சிவப்பு மையில் இருக்கும் கோடுகள் மறைந்துவிடும், ரத்தமும் சரியாகத் தெரியாது, அதனால் காயம் பார்க்கும்போது வெள்ளைக்கு மாற்றுங்கள், அவள் கண்ணில் படாமல் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு.

குதிரைக்குப் பாதை தெரிகிறது என்பதற்காக உங்கள் தலையையும் முழங்காலையும் அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். தன் உடம்பு புகுகிற இடத்தை அது கணக்கிடும், முதுகின் மேல் நீங்கள் எவ்வளவு உயரம் இருக்கிறீர்கள் என்பதை அது கணக்கிடாது. உங்கள் கன்னத்தில் பட்ட கிளை அப்படி வந்ததுதான். நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்தக் கிளை இரண்டு விரல் மேலே பட்டிருந்தால் இந்தக் கடிதத்தையே வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். கிளை இருக்கும் என்று சந்தேகம் வந்தால் அவள் பிடரியை ஒட்டி முன்னால் குனிந்து, ஒரு முழங்கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாயக் கூடாது, கிளை உங்களை அப்படியே வாரிக் கீழே தள்ளிவிடும்.

இதைவிட நல்லது, பாதையைப் பகலில் போய்ச் சரிசெய்துவிட்டு வருவது. ஒரு விடுமுறை நாளில் கத்தரியும் சிறு ரம்பமும் எடுத்துக்கொண்டு நடந்தே போங்கள். வெட்ட உங்களுக்கு உரிமை உள்ள இடத்தில் தாழ்ந்த கிளைகளை வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தை மனப்பாடம் செய்யுங்கள். கம்பி வேலி எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். இருட்டில் குதிரைக் கண்ணுக்கும் மெல்லிய கம்பி தெரியாது, எனக்குத் தெரிந்து ராத்திரிச் சவாரியில் குதிரைகளுக்கு நேர்ந்த மோசமான காயங்களில் பல முள்கம்பியால்தான், அதனால் கம்பி வெட்டும் கருவி ஒன்று என் சேணத்தில் எப்போதும் இருக்கும். பாதையை இரண்டு திசையிலும் போய்ப் பாருங்கள், போகும்போது பார்த்த இடம் திரும்பும்போது வேறு இடமாகத் தெரியும், உங்களுக்கும் அவளுக்கும். ஓடையைக் கடக்க வேண்டிய பாதை என்றால், மழை பெய்த வாரத்தில் இருட்டில் அந்தப் பாதையே வேண்டாம். தண்ணீர் மேல் நிலா பட்டுப் பளபளக்கும்போது ஆழம் அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நிலாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இது பலர் தவறவிடுகிற விஷயம். பௌர்ணமி அன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும்போது உதிக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். அப்படியானால் பௌர்ணமி கழிந்து மூன்று நாளில், நிலா வருவதற்குப் பொழுது சாய்ந்து இரண்டரை மணி நேரம் ஆகிவிடும், உங்கள் சவாரி முழுவதும் இருட்டிலேயே முடிந்துவிடும். வளர்பிறையில் அப்படி இல்லை. அஷ்டமி தாண்டிவிட்டால் சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் இருக்கும், நீங்கள் திரும்பி வரும்வரை மறையாது. ஆகவே புதிதாகப் பழகுகிற இந்த இரண்டு மூன்று மாதத்துக்கு, வளர்பிறையின் பின்பாதியில் மட்டும் போங்கள் என்று சொல்வேன். பொழுது சாயும் நேரத்திலேயே கிளம்ப முடிகிற நாள் கிடைத்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது அவள் கண்ணும் கூடவே பழகிக்கொள்ளும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே மட்டும் நிலா சில நேரம் தொல்லை: பாதையின் குறுக்கே வரிவரியாக விழும் நிழல் அவளுக்குக் கட்டை மாதிரியோ பள்ளம் மாதிரியோ தெரியும். அங்கே அவசரப்படுத்தாதீர்கள், நின்று பார்க்கவிடுங்கள்.

அவள் காதைக் கவனிக்கப் பழகுங்கள். காதுகளை இரண்டு பக்கமும் தனித்தனியே திருப்பக்கூடியவள், நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலிகளும் அவளுக்குக் கேட்கும். இரண்டு காதும் ஒரே இடத்தை நோக்கி விறைத்து நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும். உடனே கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பதுதான் நம் முதல் எண்ணம், அது அவள் சந்தேகத்தை உறுதிப்படுத்திவிடும். பேசுங்கள். சாதாரணக் குரலில் எதையாவது பேசிக்கொண்டே இருங்கள், உங்கள் மூச்சும் சீராகும், புதரில் இருக்கிற பிராணிக்கும் மனிதர் வருவது தெரிந்து விலகிப்போகும். பேசும்போது காதில் இசை கேட்கிற கருவி இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மிரண்டு ஓட ஆரம்பித்தால் ஒரு பக்க வாரை இழுத்து வட்டமாகத் திருப்பி நிறுத்தச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரியான வழிதான், ஆனால் ஒரு பக்கம் சரிவாக இருக்கிற ஒற்றையடிப் பாதையில் அதைச் செய்தால் இரண்டு பேரும் உருண்டுவிடுவீர்கள். எங்கே திரும்ப இடம் இருக்கிறது என்பதும் பகலில் பார்த்து வைக்க வேண்டியதில் ஒன்று. நிலைமை மோசமாகும் என்று உள்ளுக்குள் தோன்றினால், அவள் நின்றுகொண்டிருக்கும்போதே இறங்கிவிடுங்கள். இறங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. தோள் பக்கமாக நடந்து கூட்டிப்போங்கள், நேர் முன்னால் நடந்தால் அவள் தாவும்போது உங்கள் மேல்தான் வந்து விழுவாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

திரும்பும் வழியில் அவள் வேகம் பிடிப்பாள், எல்லாக் குதிரைகளும் அப்படித்தான். கடைசி ஒரு கிலோமீட்டரை நடையிலேயே முடிப்பது என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறிவிட்டால் வாரைத் தளர்த்தினால் அவள் வீட்டுப் பக்கம் கூட்டிப்போவாள் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அவள் நேர்கோட்டில் போகப் பார்ப்பாள், நடுவில் வேலி இருப்பது அவளுக்குக் கவலை இல்லை, ஆகவே வரைபடத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாதை எங்காவது சாலையைத் தொடுகிறதா? தொட்டால் இது முக்கியம். பகலில் பளிச்சென்று தெரிகிற மஞ்சள், ஆரஞ்சு ஒளிர்நிறச் சட்டை ராத்திரியில் உதவாது, அந்த நிறம் பளிச்சிடப் பகல் வெளிச்சம் வேண்டும். இருட்டில் வேலை செய்வது வண்டி விளக்கு பட்டால் அதை வண்டியை நோக்கியே திருப்பி அனுப்புகிற பிரதிபலிப்புப் பட்டைதான். அதை உங்கள் மேல் மட்டும் போடாமல் குதிரையின் கால்களில் கட்டுங்கள். வண்டியின் தாழ்ந்த விளக்கு முதலில் படுவது கால்களில்தான், அதோடு அசைகிற நான்கு கால்களைப் பார்த்தால் ஓட்டுநருக்கு அது குதிரை என்று உடனே புரியும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கும் சாலைக்கு வேண்டும், பட்டை பளிச்சிடுவது விளக்கு அதன் மேல் பட்ட பிறகுதானே. சாலைக்கு வரும் முன்பே நின்று, வண்டி போகும்வரை ஒதுங்கியிருந்து, போன பிறகும் அவள் கண் திரும்பக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டுக் கடந்துபோங்கள்.

ஹெல்மெட் பற்றி ஒன்றுதான்: ஒருமுறை விழுந்து அடி வாங்கிய ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஹெட்லாம்ப் மாட்ட அதில் துளையிடவோ திருகு போடவோ செய்திருந்தால் அதையும் மாற்றுங்கள். குதிகால் உள்ள பூட்ஸும், விழும்போது காலை விடுவிக்கிற பாதுகாப்பு அங்கவடியும் (சேணத்தில் கால் வைக்கிற வளையம்) தனியாகப் போகிறவருக்கு அவசியம். கால் மாட்டிக்கொண்டு இழுபட்டால் அந்த இடத்தில் காப்பாற்ற யாரும் இல்லை.

விழுந்துவிட்டால், எழுந்திருக்காதீர்கள். படுத்தபடியே விரல்களை அசையுங்கள், கழுத்து வலிக்கிறதா, கை கால் மரத்திருக்கிறதா பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் அசையாமல், ஹெல்மெட்டையும் கழற்றாமல் கூப்பிடுங்கள், விசில் ஊதுங்கள். குதிரையைத் துரத்திப் போகாதீர்கள், பாதையை விட்டு விலகவும் வேண்டாம், தேடுகிறவர் நீங்கள் சொன்ன பாதையில்தான் வருவார். தலையில் அடி என்றால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மறுபடி ஏற வேண்டாம், குழப்பமும் வாந்தியும் கொஞ்சம் தாமதித்தும் வரலாம். உட்கார்ந்து, யாராவது வரட்டும் என்று காத்திருங்கள்.

இப்போது கணவர் சொன்னதற்கு வருகிறேன். விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே நேரம், அவர் பயத்தைத் தள்ளிவிடவும் மாட்டேன், இந்த இரண்டு மாதமாக நீங்கள் போனவிதத்துக்கு அந்தப் பயம் சரிதான். இருட்டில் தனியாகப் போவதை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவர் சைக்கிளில் வந்தாலும் நடந்து வந்தாலும் சரி, வளர்பிறையில் நாலைந்து முறை சின்னச் சுற்று போய்ப் பாருங்கள். அவள் விளக்கில்லாமல் நிதானமாக நடக்கிறாள் என்றால், அப்புறம் தனியாக, ஒரே ஒரு தெரிந்த பாதையில். பலத்த காற்று, மூடுபனி, பனிக்கட்டி படிந்த தரை, நீங்கள் களைத்திருக்கிற நாள், அவள் ஒரு வாரமாக வெளியே வராத நாள், இந்த நாட்களில் லாயத்து வெளிச்சத்தில் வட்டத்துக்குள் சவாரி செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். நாலு முறை பழகியும் அவள் இருட்டில் பதறுகிறாள் என்றால் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் கண்ணைக் காட்டுங்கள், பகலில் தெரியாத குறை இருட்டில் தெரியவரும். கண் நன்றாக இருந்தும் பதறினால் அவளுக்கு இது வேண்டாம், பகல் நாட்களோடு விட்டுவிடுங்கள்.

கணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்தப் பாதையில் நடத்திக் கூட்டிப்போங்கள். எந்த இடத்தில் வண்டி வர முடியும், எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் நீங்கள் விழ வாய்ப்பு அதிகம் என்று காட்டுங்கள். தேடி வரப்போகிறவர் அவர்தான், அவருக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், திரும்பி வந்ததும் சேணத்தை அவிழ்க்கும் முன் "வந்துவிட்டேன்" என்று செய்தி அனுப்புங்கள். குதிரையைத் துடைத்து, தண்ணீர் காட்டி, வெளிச்சத்தில் நான்கு கால்களையும் கையால் தடவிக் கீறல் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஓடிவிடும், அதற்குள் அவர் டார்ச்சோடு காட்டுக்குள் இறங்கியிருப்பார்.